ஐந்துக்கு ஐந்து

2018ஆம் ஆண்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறத் தெருவில், வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பியவர்கள் சொந்த ஊரில் எந்த அளவுக்குக் காலூன்றியிருக்கிறார்கள் என்று அளக்கும் பணி தொடங்கியது. அந்த மாதமே முடிந்தது. தெருவின் சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நான்கே முக்கால்.

பணியை நடத்திய அலுவலகத்தில் யாரும் அதை நம்பவில்லை. தெருவைப் பார்த்தவர்கள் நம்பவும் மாட்டார்கள். வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி வீட்டு டிரைவர் ஊர் திரும்பிய பிறகு கட்டில், மின்விசிறி, மனைவியின் தையல் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக விற்றவர். வருமானம், தூக்கம், வீட்டில் மரியாதை என்று எதைக் கேட்டாலும் ஐந்து கொடுத்திருந்தார். தரையில் உட்கார்ந்துதான் கொடுத்தார். நாற்காலியும் போயிருந்தது.

அளக்க வந்த பெண்ணுக்குத் தெருவில் மார்க் டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. தோளில் துணிப்பை, கையில் டேப்லட், ஒரு பக்கம் வாய் பிளந்த செருப்பு. கேள்வியைப் படித்துவிட்டு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வார். ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் பிரமாதம். மதிப்பெண் குறைந்தவர்களுக்குத்தான் உதவி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வரிசைக் கடைகளில் ஓர் இடமோ, கருவியோ, வைத்தியமோ, யாருக்கு எது தேவையோ அது. இதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. இரண்டாம் நாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஆண்கள் ஐந்து என்றே சொன்னார்கள்.

வெல்டரும் அப்படித்தான் சொன்னார். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அன்று மதியம் வெளுப்புக் கரைசலின் நெடியோடு வீடு திரும்பியவர் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

“ராத்திரி தூக்கம் எப்படி?” என்று உள்ளே மார்க் டீச்சர் கேட்டார்.

“அஞ்சு.”

“வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்க முடியுதா?”

“அஞ்சு போடுங்க.”

“வேலை?”

“வேலைக்கு என்ன மேடம், எல்லாம் நல்லா இருக்கு. அஞ்சு.”

சொல்லும்போது வெல்டர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணப் போட்டோவில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. மனைவிக்கு அது வேறு யாருடைய முகமோ போல இருந்தது.

டீச்சர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் உள்ளே வந்தார்.

“வீட்டுக்குள்ள நிம்மதிக்கு அஞ்சா? கதவைத் தொறந்து போட்டுக் குளிக்கிற ஆளு நீங்க. நான் வெளிய நின்னு தெருவுக்குக் காவல் காக்குறேன். அதுக்கு எத்தனை மார்க்கு?”

“கத்தாதே.”

“வாசப்படியில தலையை வச்சுத் தூங்குறீங்களே, அதுக்கு? பஸ் பாடி கட்டுற பட்டறையில வேலை கெடைச்சு, உள்ள நுழைய மாட்டேன்னு ஓடி வந்தீங்களே, அதுக்கு? இவ்வளவு பெரிய வெல்டர் லாரி ஷெட்டுல மூட்டை தூக்குறார். வேலைக்கு அஞ்சாம்! அந்தம்மா பாவம், எழுதிட்டுப் போகுது.”

வெல்டர் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்தார். நனைந்த துண்டு உடைந்து தம்ளருக்குள் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேப்பர் புடிச்சுக்கிட்டு யாராவது கேட்டா வாய் தானா சொல்லுது. நானா சொல்லல.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

அது யாருடைய பாடம் என்று இருவருக்கும் தெரியும்.

வெல்டர் வெளிநாட்டில் வேலை பார்த்தது கப்பல் கட்டும் தளத்தில். கப்பலின் அடிவயிற்றில் அறை அறையாக இரும்புத் தொட்டிகள் இருக்கும். ஓர் ஆள் நுழையும் அளவுள்ள துளை வழியாக உள்ளே இறங்கி, மண்டியிட்டோ மல்லாந்தோ படுத்து, தகடுகளை ஒட்ட வேண்டும். வெளியே வெயில், உள்ளே நெருப்பு. புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு ஃபேன் ஓடும். அது ஓடினால் தலைவலியோடு மேலே வரலாம்.

அவ்வப்போது ஆய்வாளர் வருவார். அதற்கு முந்தைய நாளே ஃபோர்மேன் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் நடத்துவார். வேறு நாட்டுக்காரர் அல்ல. இதே ஊர், இதே மொழி. “கேக்குறவன் கையில பேப்பர் இருந்தா பதில் ஒண்ணுதான். எல்லாம் நல்லா இருக்கு. சிரிச்சுக்கிட்டே சொல்லணும். மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டுச் சொன்னா அவன் அடுத்த கேள்வி கேப்பான்” என்பார். பிறகு ஒவ்வொருவரையும் சிரிக்கச் சொல்லிப் பார்ப்பார். மறுநாள் ஆய்வாளர் கேட்கும்போது பின்னால் கைகட்டி நிற்பார்.

வெல்டரின் மனைவிக்கு ஒரே தம்பி. நெட்டையன் என்பார்கள். கதவு தெரியாமல் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். அவனை அந்த வேலைக்குக் கூட்டிப்போனவர் வெல்டர்தான். ஒரு முறை ஃபேன் பழுதாகிக் கிடந்தது. “மாமா, மேலே வந்தப்புறமும் தலை சுத்துது” என்று நெட்டையன் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வாரம் ஆய்வாளர் வந்தார். வரிசையில் நின்றவர்களிடம் தொட்டிக்குள் காற்று எப்படி என்று கேட்டார். எல்லாம் நல்லா இருக்கு என்றார்கள். மறுநாள் காலை நெட்டையன் தொட்டிக்குள் இறங்கினான். நான்கு பேர் சேர்ந்து அவனை மேலே எடுத்தபோது ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடி முகத்தை மூடியபடியே இருந்தது. இதயக் கோளாறு என்று கம்பெனி எழுதியது. பக்கத்தில் ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டார்.

உடலோடு வந்த வெல்டர் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் ஃபோர்மேனும் வந்து சேர்ந்தார். கண்ணில் அழுத்த நோய். கம்பெனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. மருமகனின் டயர் கடைக்குப் பின்னால், பழைய டயர்கள் அடுக்கியிருக்கும் அறையில் அவருக்குப் படுக்கை. தெருவில் எதிர்ப்பட்டால் “என்னப்பா வெல்டர், சுகமா?” என்பார். வெல்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். ஃபோர்மேன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

தலையாட்டிய ஒவ்வொரு முறையும் வெல்டர் மனதுக்குள் அவரைக் கொன்றிருந்தார். டயர் கழற்றும் நெம்புகம்பியால் ஒரு நாள். அந்தப் பின்னறைக் கதவை வெளியிலிருந்து தகடு வைத்து ஒட்டிவிடுவதாக ஒரு நாள். இந்த இரண்டாவது அவருக்குப் பிடித்தது. மூட்டை தூக்கும்போது அதை நிதானமாகச் செய்து பார்ப்பார். எந்தக் கம்பி, எவ்வளவு கரண்ட், எந்த மூலையில் தொடங்குவது என்பதுவரை. கடைசி மூலையை ஒட்டும்போது உள்ளிருந்து குரல் வரும். நல்லா இருக்கீங்களா ஃபோர்மேன் என்று இவர் கேட்பார். அந்த இடத்தில் மூட்டையின் பாரம் தெரியாது.

ஏப்ரலில் மார்க் டீச்சர் மறுபடி வந்தார். குழாயடியில் குடங்களுக்கு நடுவே நின்று விஷயத்தைச் சொன்னார்.

“இந்தத் தடவை நீங்க உங்களைப் பத்திச் சொல்றது கணக்கு இல்ல. அங்க உங்க கூட வேலை பாத்தவர் ஒருத்தர் பேரைக் குடுக்கணும். அவர்கிட்டத் தனியா உக்காந்து கேப்பேன். அவர் என்ன சொல்றாரோ அதுதான்.”

“எனக்கு நானே அஞ்சு போட்டா செல்லாது, அடுத்தவன் போட்டாச் செல்லுமா?” என்றார் டிரைவர். “பள்ளிக்கூடத்துல இது தெரியாமப் போச்சே.”

வெல்டருக்குக் கொடுக்க ஒரே பெயர்தான் இருந்தது. அந்தத் தளத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை. அதை வெல்டரின் மனைவிதான் சொன்னார்.

“அப்ப சரியாப் போச்சு” என்றார் மார்க் டீச்சர். “அவரும் உங்க வீட்டுக்காரர் பேரைத்தான் குடுத்திருக்கார். நம்ம பையன், ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதில்லைன்னு சொன்னார்.”

வெல்டர் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்று இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் மதியம், வேலை முடிந்த கையோடு, மனைவி டயர் கடைக்குப் போனார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வரிசைக் கடைகளின் கடைசி இடம். மூன்று பக்கமும் திறந்த, கதவே இல்லாத கொட்டகை. தெருவைப் பார்த்து உட்கார்ந்து அவர் கணவர் வெல்டிங் செய்யக்கூடிய இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

பின்னறையில் ஃபோர்மேன் பழைய டயர்களைத் தடவித் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். ரப்பர் நெடியில் மூச்சு முட்டியது.

“யாரு?”

“நெட்டையனோட அக்கா.”

ஃபோர்மேனின் கை டயர்மேல் அப்படியே நின்றது. “உக்காரும்மா” என்றார். உட்கார இடமில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. வெல்டரின் மனைவி நின்றுகொண்டே பேசினார்.

“நான் அந்தப் பேச்சுக்கு வரல. என் வீட்டுக்காரரைப் பத்தி உங்ககிட்டக் கேப்பாங்க. உள்ளதைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“உள்ளதுன்னா?”

“கதவு சாத்தின இடத்துல அவரால இருக்க முடியாது. எதனாலன்னு உங்களுக்குத் தெரியும்.”

ஃபோர்மேன் சிரித்தார். உடனே கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “பாரு, இந்தச் சனியன் தானா வருது. போன தடவை அந்தப் பொண்ணு என் கண்ணைப் பத்திக் கேட்டுச்சு. அஞ்சுன்னு சொல்லிட்டேன். என் மக உள்ளருந்து கத்துறா, கண்ணு அஞ்சுன்னா டயரை ஏன்ப்பா மோந்து பாத்து எடுக்குறேன்னு.”

“ஆபரேஷன் பண்ணணும்னாங்களாமே?”

“சீக்கிரம் பண்ணினா இருக்குறது நிக்குமாம். போனது வராதாம். அந்த லிஸ்ட்ல பேர் வந்தாத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. உன் வீட்டுக்காரன் சொன்னா வரும்.” கொஞ்ச நேரம் டயரின் விளிம்பை விரலால் சுற்றினார். “உள்ளதைச் சொன்னா எனக்கு எதாச்சும் ஆயிடுமாம்மா?”

“என்ன ஆகும்? இங்க கம்பெனியா இருக்கு?”

“இல்லைல்ல” என்றார் ஃபோர்மேன். ஏதோ அப்போதுதான் தெரிந்துகொண்டவர்போல. “சரி. சொல்றேன். அவன் அப்படி ஆனது எந்தத் தொட்டியில, யாராலங்கிறதையும் சேத்தே சொல்றேன்.”

சொன்னார். இரண்டு நாள் கழித்து மார்க் டீச்சர் டயர் கடைக்கு வந்தபோது ஃபோர்மேன் நெடுநேரம் பேசினாராம். கேட்டதற்கு மேலேயே பேசினாராம். நடுவில் அழுதாராம். ஃபோர்மேனின் மகள் சலவைக்கூடத்துக்கு வந்து இதைச் சொன்னாள். மனைவி வீட்டுக்கு வந்து கணவரிடம் அப்படியே சொன்னார்.

“உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒண்ணு, ரெண்டுதானாம். கடை நிச்சயம்னு டீச்சரே முகத்துல காட்டிட்டாங்களாம்.”

“அழுதானா?” என்றார் வெல்டர்.

“ஆமா.”

“எவ்வளவு நேரம்?”

மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தார். “நாளைக்கு உங்ககிட்டக் கேக்க வருவாங்க. நீங்களும் உள்ளதைச் சொல்லுங்க. அத்தோட அந்த ஆளை விட்டுடலாம்.”

“சொல்றேன்” என்றார் வெல்டர்.

மறுநாள் அவர் லாரி ஷெட்டுக்குப் போகவில்லை. முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, வாசலில் மார்க் டீச்சருக்கு நாற்காலி போட்டார். சாட்சியைத் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பதால் மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம். டீ போட்டு வைத்திருந்தார்.

“ஃபோர்மேனுக்குக் கண் பார்வை எப்படி இருக்கு?”

“அஞ்சு.”

மார்க் டீச்சர் நிமிர்ந்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“கழுகுக் கண்ணு மேடம். அந்தக் கடையில உக்காந்துக்கிட்டே ரோட்ல போற லாரி நம்பரைப் படிப்பாரு.”

“நான் போனப்போ தடவித் தடவித்தான் நடந்தாரு.”

“நடிப்பாரு மேடம். அங்கயும் அப்படித்தான். ஆளுக்கேத்த மாதிரி மூஞ்சியை மாத்துவாரு. நாங்க அவர் கைக்குள்ள வளர்ந்தவங்க, எங்களுக்குத் தெரியாதா?”

“டாக்டர் சீட்டு இருக்குன்னு மகள் சொல்றாங்க.”

“சீட்டு எங்க வேணா வாங்கலாம்.”

டீச்சர் டேப்லட்டைத் துணியால் துடைத்தார். திரை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “வீட்டுல மரியாதை?”

“மருமகன் கையைக் கட்டிக்கிட்டுதான் பேசுவாரு. அஞ்சு.”

“தூக்கம்?”

“அவருக்கு என்ன கவலை, கொறட்டை தெருவுக்கே கேக்கும். அஞ்சு.”

“தங்குற இடம்?”

“நல்ல காத்தோட்டம்” என்றார் வெல்டர். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு டீயை ஒரு வாய் குடித்தார். “அஞ்சு.”

கடைசிக் கேள்விவரை அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். டீச்சர் எழுந்தபோது சொன்னார்: “வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்தலாம். சாட்சி சொன்னவர் நேர்ல வந்து சொன்னா மாத்திக்குவோம். உங்களைப் பத்தி அவர் என்ன சொன்னார்னு நான் சொல்லக் கூடாது. ஆனா...”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சுமா?”

“டீ ஆறுது, குடிங்க.”

மனைவியிடம் வெல்டர் எதையும் மறைக்கவில்லை. மதியம் மனைவி வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். கேள்வி கேள்வியாக, பதில் பதிலாக, ருசித்துச் சொன்னார். காற்றோட்டம் என்ற இடத்தில் நிறுத்தி, மனைவி சிரிக்கிறாரா என்று பார்த்தார்.

மனைவி குவளையைக் கீழே வைத்தார். “அவன் என் தம்பிங்க. என் கூடப் பொறந்தவன். எனக்கில்லாத வஞ்சமா உங்களுக்கு?”

“உனக்கு இல்லைன்னா விட்டுடு. எனக்கு இருக்கு.”

“நம்மளைப் பத்தி உள்ளதைச் சொல்லியிருக்காரு அந்த மனுஷன்.”

“இதே வாய் அன்னைக்கும் அவன்கிட்ட இருந்துச்சுல்ல? அன்னைக்குச் சொல்லியிருந்தா?”

“உங்ககிட்டயும் இருந்துச்சு.”

பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வெல்டர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“ஆய்வாளர் எங்கிட்டத்தான் ரெண்டு தடவை கேட்டான். நிஜமாவான்னு. என் தோளுக்குப் பின்னால இவன் மூச்சு விடுறது கேட்டுச்சு. நிஜமாத்தான்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும்னே அதுக்கு முன்னால தெரியாது.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தச் சிரிப்பை அவன்தான் எனக்குக் குடுத்தான். திருப்பிக் குடுத்துட்டேன்.”

“கண்ணு போயிடும் அவருக்கு.”

“போகட்டும்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குன்னாங்களாம்ல?”

வெல்டர் எழுந்து தெருவில் இறங்கி நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வெல்டர் அதே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மனைவி தடுக்கவில்லை, எங்கே என்றும் கேட்கவில்லை. மதியம் சலவைக்கூடத்து வேலை முடிந்ததும் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தார். வெல்டர் வரவில்லை என்றார் மார்க் டீச்சர். அவருக்குப் பதிலாக நான் மாற்றிச் சொல்கிறேன் என்றார் மனைவி. சாட்சிதான் வர வேண்டும், உங்களுக்கு அவரோடு வேலை பார்த்த பழக்கம் இல்லையே என்றார் டீச்சர். அலுவலகம் மூடும்வரை மனைவி வெளிப் பெஞ்சில் காத்திருந்தார். வெல்டர் லாரி ஷெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அன்று மாலை சட்டையின் முதுகு கிழிந்து வந்தது. மனைவி அதைத் தைக்கவில்லை.

ஜூனில் கடை கிடைத்தது. வரிசையின் கடைசி இடம், கேட்ட மாதிரியே மூன்று பக்கமும் திறந்தது. வெல்டிங் இயந்திரம், மின் இணைப்பு, கறுப்புக் கண்ணாடி வைத்த புது ஹெல்மெட். முதல் வாரமே பள்ளிக்கூட வேன் படிக்கட்டு, இரண்டு வாசல் கேட், ஒரு தள்ளுவண்டி என்று வேலை வந்தது. புழு ஊர்ந்ததுபோல வளைந்து கிடந்த அவருடைய வெல்டிங் கோடுகள் மெல்ல நேராயின. மூட்டைக்குப் போவதை நிறுத்தினார். மனைவி மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். பேச வேண்டியதை மட்டும் பேசினார்.

டயர் கடைக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனது. ஃபோர்மேன் ஊரில் நன்றாகக் காலூன்றிவிட்டார், அவர் தொடர்பான கோப்பு முடிக்கப்பட்டது, வாழ்த்துகள் என்று இருந்தது. மகள் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். யார் சொன்ன சாட்சி என்று அவர் கேட்கவில்லை.

மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் மதியம் ஃபோர்மேன் வரிசைக் கடைகளின் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். இன்னொரு கையில் கால் உடைந்த மடக்கு நாற்காலி. கடைசி இடத்தில் சுவர் முடிந்ததும் நின்றார். நெருப்பின் சத்தத்தைக் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

“வெல்டரா?”

வெல்டர் ஹெல்மெட்டை உயர்த்தினார். மனைவி அப்போதுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்திருந்தார். போகாமல் நின்றார்.

வெல்டர் நாற்காலியை வாங்கி, கவிழ்த்து, முறிந்த இடத்தைச் சுரண்டினார். ஒட்டினார். ஆறவிட்டுக் கசடைத் தட்டினார். உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து, ஃபோர்மேனின் கையில் கொடுத்தார்.

“எப்படி இருக்கீங்க ஃபோர்மேன்?” என்று கேட்டார்.

ஃபோர்மேன் குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். சிரித்தார்.

“எல்லாம் நல்லா இருக்குப்பா.”

நாற்காலியை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரைத் தேடினார். மனைவி போய் அவர் கையைப் பிடித்து டயர் கடைவரை கொண்டுபோய் விட்டார். வெல்டர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, அதில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் ஃபோர்மேனுக்கு இரண்டு கண்ணும் போயின. அந்த வருட அறிக்கை டிசம்பரில் வந்தது. அதன்படி தெருவின் திருத்தப்பட்ட சராசரி ஐந்துக்கு இரண்டரை. எல்லாக் கேள்விக்கும் ஐந்து பெற்றவர் ஒரே ஒருவர். கப்பல் தளத்தின் முன்னாள் ஃபோர்மேன், தற்போது டயர் கடையில் வசிக்கிறார் என்று அறிக்கை சொன்னது.